மிளகாய்த்தூள் வாடகை

சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சையில் சட்டம் வராது. இதை எங்கள் ஊரில் ஒருவரையும் என்னால் நம்பவைக்க முடியவில்லை. மொத்தம் இரண்டு வினாத்தாள்கள். ஒன்றில் பொது அறிவும் நுண்ணறிவும், மற்றதில் மொழி. நைல் நதி எந்தக் கடலில் விழுகிறது என்று கேட்பார்கள். முக்கோணத்துக்குள் ஒரு வட்டத்தையும் வட்டத்துக்குள் ஒரு புள்ளியையும் போட்டுவிட்டு, அடுத்த படத்தில் புள்ளி எங்கே நிற்கும் என்பார்கள். ஒரு நீண்ட பந்தியைத் தந்து சுருக்கச் சொல்வார்கள். களவு, கொலை, காணி, விவாகரத்து என்று எதுவும் அந்தப் பக்கம் தலைகாட்டாது.

ஆனால் விண்ணப்பம் தபாலில் போன கிழமையே புங்குடுதீவில் நான் அப்புக்காத்து, அதாவது வக்கீல், ஆகிவிட்டேன். மடத்துவெளிப் பக்கம் சைக்கிளில் போனால் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்கள்.

"தம்பி, ஒரு விசயம். பக்கத்து வளவு ஆடு வந்து என்ர முருங்கைக் கண்டைத் திண்டா, அதைப் பிடிச்சுக் கட்டி வைக்கலாமோ?"

"எனக்குத் தெரியாதண்ணை. நான் இன்னும் சோதினையே எழுதேல்லை."

"இதுதான் அப்புக்காத்துமாரின்ர குணம். காசைக் காணாமல் வாய் திறவாயினம்."

எங்கள் வீட்டில் உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் குறைவு. ஆகவே நான் என்ன படிக்கிறேன் என்று இருவரும் கேட்பதில்லை. பழைய வினாத்தாள்களின் போட்டோப் பிரதிகளை விரித்து வைத்துக்கொண்டு வட்டத்துக்குள் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தால், அம்மா வானொலியின் சத்தத்தைக் குறைப்பார். புள்ளி ஓடிவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

நாங்கள் இருக்கிற வீடு எங்களுடையது அல்ல. அதைச் சொல்லாமல் மிச்சக் கதை விளங்காது. அது கனடாவில் இருக்கும் ஒருவரின் கல்வீடு. அப்பா முன்பு அவருடைய தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தத் தோட்டத்தின் மூலையில் எங்களுக்கு ஒரு கொட்டில் இருந்தது. இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய்த் திரும்பி வந்தபோது கொட்டில் இல்லை. கல்வீடு நின்றது, ஆனால் உள்ளே கட்டாக்காலி மாடுகள் குடியிருந்தன. "மாட்டைக் கலைச்சுப் போட்டு நீங்கள் இருங்கோ" என்று அவர் தொலைபேசியில் சொன்னார். மாடுகள் போயின, நாங்கள் வந்தோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. வளவைத் துப்புரவாக வைத்திருப்பது, தென்னைக்குத் தண்ணீர் விடுவது, வெள்ளிக்கிழமையில் சாமியறையில் விளக்கு வைப்பது எங்கள் வேலை. வீட்டில் அவரைக் கனடா ஐயா என்போம்.

யாரும் கேட்காமலே அம்மா ஏற்றுக்கொண்ட வேலை ஒன்றும் இருந்தது. ஆண்டுதோறும் அவர்களுக்கு மிளகாய்த்தூள் அனுப்புவார். செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளி வெயிலில் போட்டு, மல்லி, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் வேறுவேறாக வறுத்து, மில்லில் திரித்து, கட்டிக் கொடுப்பார். கனடா ஐயாவின் மனைவிக்கு வயிற்றுக் கோளாறு என்பதால் அந்தத் தூளுக்கு மிளகு குறைவு. கோயில் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற யாராவது கொண்டுபோவார்கள்.

என் விண்ணப்பம் கொழும்புக்குப் போய்ச் சேருமுன் செய்தி கனடாவுக்குப் போய்விட்டது. ஒரு காலை வாட்ஸ்அப்பில் படத்தோடு அழைப்பு. அவர் போனைப் பிடிக்கிற விதத்தில் எப்போதும் நெற்றி மட்டுமே தெரியும். அன்றைக்கும் நெற்றிதான் பேசியது.

"என்ன தம்பி, சட்டம் படிக்கிறீராம்?"

"இன்னும் இல்லை ஐயா. நுழைவுச் சோதினைக்குப் படிக்கிறன்."

"அதுக்கு என்ன படிக்கிறது? காணிச் சட்டமும் வருமோ?"

"இல்லை ஐயா. நைல் நதி வரும்."

நெற்றி சுருங்கியது. நான் எதையோ ஒளிப்பதாக அது நினைத்தது.

"உந்த லோயர் வேலை இப்ப சரியில்லைத் தம்பி. கொம்பியூட்டர் படியுமன். நான் உதவி செய்யிறன். சும்மா ஆக்களின்ர கதையைக் கேட்டுப்போட்டு, பத்து வருசம் இருந்தாச் சொந்தம், அது இதெண்டு நம்பக்கூடாது."

அப்பா எனக்குப் பின்னால் நின்றார். பேச்சில் தன் பங்குக்கும் ஏதாவது சொல்வது மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்.

"பத்து வருசமோ ஐயா? நாங்கள் வந்து அது எப்பவோ தாண்டியிட்டுதே!" என்றார் சந்தோசமாக.

நெற்றி அசையவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் போனைத் தட்டினேன். சிக்னல் இருந்தது.

அன்றைக்குத்தான் அந்தப் பத்து வருடம் என்ன என்று இணையத்தில் தேடினேன். அதுவரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராக, ஒருவன் பத்து வருடம் ஒரு காணியை ஆண்டால் அதைத் தனதென்று கேட்கலாம். ஆனால் சொந்தக்காரர் இருக்கச் சொல்லி இருக்கிறவன் எத்தனை வருடம் இருந்தாலும் இருக்கிறவன்தான். எங்கள் கதை இரண்டாவது வகை. அவர் பயப்பட ஒன்றுமே இல்லை. இதை அவரிடம் சொல்லி ஆறுதல்படுத்தலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். எனக்குச் சட்டம் தெரியாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே நிம்மதி.

திருவிழாவுக்கு அவரே வந்தார். வழக்கமாக அவர் கோயிலுக்கு வருவதற்கு ஒரு வாரத்துக்கு முதலே வருகிற ஐந்தாறு போன் அழைப்புகள் இந்தத் தடவை வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஹோட்டலில் தங்கி, வான் பிடித்து, தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து சுவர்களைப் பார்த்தார். சுவர்கள் சுத்தமாக இருந்தன. அதுவும் அவருக்கு நல்லதாகப் படவில்லை.

"டவுணில ஒரு லோயரோட கதைச்சனான்" என்று தொடங்கினார். "வருசத்துக்கு ஒருக்கா வாடகையெண்டு ஏதும் வாங்கினாப் போதுமாம். ஒரு சின்னச் சாமானெண்டாலும் பரவாயில்லையாம்."

"எவ்வளவு ஐயா?" என்று அப்பா கேட்டார்.

"சீச்சீ, உங்களிட்ட நான் காசு வாங்குவனே? உங்கட மனிசி அனுப்புற மிளகாய்த்தூள் இருக்குதெல்லோ? அதையே இனி வாடகையெண்டு வைப்பம். ஒருத்தருக்கும் நட்டமில்லை."

அம்மா அப்போது தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றார். கொண்டுவந்து வைத்தார், உள்ளே போனார். கனடா ஐயாவின் முகம் தெளிந்திருந்தது. ஒரு சதமும் செலவில்லாமல் ஒரு வழக்கைத் தீர்த்துவிட்ட முகம். போகும்போது என் தோளில் தட்டி, "நல்லாப் படியும்" என்றார். கொம்பியூட்டரைச் சொன்னாரா, சட்டத்தைச் சொன்னாரா தெரியவில்லை.

வான் ஒழுங்கை திரும்பும்வரை அம்மா பொறுத்திருந்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் வாடகையோ குடுத்தனான்? அந்த மனிசிக்கு வயித்துக்கு ஒத்துக்கொள்ளாதெண்டு மிளகைக் குறைச்சு, புகையுக்க நிண்டு கண்ணெரிய வறுத்தது வாடகைக்கோ?"

"அவர் ஒரு பேச்சுக்குத்தான்..." என்றார் அப்பா.

"இந்த வருசம் ஒரு கரண்டித் தூளும் போகாது. சொல்லிப்போட்டன்."

இங்கேதான் நான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. தூளை முந்திய வருடமே அம்மா அனுப்பாமல் விட்டிருந்தால் ஒன்றுமில்லை, மறந்துவிட்டார் என்று நினைப்பார்கள். வாடகை என்று பெயர் வைத்த பிறகு அனுப்பாமல் விட்டால், வீடு எங்களுடையது என்று நாங்கள் சவால் விடுவதாக ஆகிவிடும். பயந்த மனிதர். வழக்குப் போடுவார், எழும்பச் சொல்லுவார். எழும்பிப் போவதற்கு எங்களிடம் இருந்தது அந்தப் பழைய கொட்டில் நின்ற மூலை. அதில் இப்போது நாயுண்ணிப் பற்றை ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதுவும் அவருடைய காணிதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உதையோ உனக்குச் சோதினைக்குப் படிப்பிக்கினம்?"

"இல்லையம்மா. கனடா ஐயா சொல்லித்தான் தெரியும்."

அப்பா நிலத்தைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார். "தம்பி, அந்தச் சோதினையை விட்டா என்ன? நீ சட்டம் படிக்கிறதாலதானே அவருக்கு இந்த யோசினை வந்தது. வாத்தியார் வேலைக்குப் போனா ஒருத்தருக்கும் பயமிராது."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். அவர் கெஞ்சுகிற குரலில் கேட்டார். இந்த வயதில் கூரை இல்லாமல் நிற்பதை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று விளங்கியது. இரண்டு நாள் நான் வினாத்தாளைத் தொடவில்லை. விடுவதென்றே மனதுக்குள் முடிவெடுத்து, அதில் ஒரு தியாகியின் சுகத்தையும் கொஞ்சம் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் அதைக் கெடுத்தார். "என்ன, புத்தகத்தை மூடிப்போட்டு இருக்கிறாய்?"

"அப்பா சொன்னவரெல்லோ..."

"கொப்பர் சொன்னா? கனடா ஐயா தூளைத்தானே கேட்டவர், உன்னைக் கேக்கேல்லையே. எழும்பிப் படி. தூள் விசயத்தை நான் பாக்கிறன்."

பரீட்சைக்குக் கொழும்புக்குப் போகிற அன்று அம்மா ஒரு கட்டுப் பையைத் தந்தார். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் கொடுக்க வேண்டும், அங்கே நிற்கிற ஒருவர் அடுத்த நாள் கனடாவுக்குப் பறக்கிறார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். மற்ற வருடங்களில் அந்தப் பை போகிற இடமெல்லாம் வாசம் போகும். ஒரு தடவை குறிகட்டுவானில் இருந்து வந்த பஸ்ஸில் ஒரு கிழவர் மணத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, "இது ஆரின்ர கை?" என்று கேட்டிருக்கிறார். இம்முறை ஒரு மணமும் இல்லை. சந்தேகத்தில் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே கூட்டுறவுச் சங்கக்கடைத் தூள் பைக்கற்றுகள், விலை ஒட்டியபடியே இருந்தன.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"வாடகைக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சட்டப்படி யோசித்துப் பார்த்தேன். தூள் என்று கேட்டார், தூள் போகிறது. எந்தத் தூள் என்று பேசிக்கொள்ளவில்லை. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பரீட்சையில் காணியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வட்டங்களும் புள்ளிகளும் இருந்தன. நன்றாகச் செய்தேன். மொழி வினாத்தாளில் பவளப்பாறை பற்றிய பந்தியைச் சுருக்கச் சொன்னார்கள். தீவுக்காரன் என்ற அக்கறையில் ஒன்றையும் விட மனம் வராமல், தந்ததைவிட நீளமாக எழுதிவிட்டேன். அதனால் கட்டுரையை முடிக்க நேரம் போதவில்லை.

சில வாரங்களின் பின் கனடாவில் இருந்து அழைப்பு. முதலில் வந்தது ஐயாவின் மனைவி.

"பிள்ளை, உது என்ன தூள் அனுப்பியிருக்கிறீர்? மீன்குழம்பு வைச்சா செங்கல்லைக் கரைச்ச மாதிரிக் கிடக்கு."

"அதுதான் அக்கா, வாடகை" என்றார் அம்மா, மிகவும் பணிவாக.

"வாடகையோ? என்ன வாடகை?"

கனடா ஐயா தன் மனைவியிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அங்கே திரைக்கு வெளியே கொஞ்ச நேரம் ஒரு பெண்ணின் குரல் மட்டும் கேட்டது. எங்களுக்குக் கூரைதான் தெரிந்தது. பிறகு நெற்றி வந்தது. வழக்கத்தைவிடத் தாழ்ந்து, கண்ணும் தெரியும்படி வந்தது.

"பிள்ளை, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னனான். வாடகையை விடும். வழமையா அனுப்புற தூளை அனுப்பும்."

"அனுப்பலாம் ஐயா. அதுக்கென்ன. ஆனா வாடகை இல்லையெண்டா நாங்கள் இந்த வீட்டில என்ன கணக்கில இருக்கிறம்? அதையும் ஒருக்காச் சொல்லுங்கோ."

கேட்டது அம்மாதான். ஒரு நல்ல அப்புக்காத்து கேட்கத் தயங்குகிற கேள்வி அது. அப்பா முற்றத்துக்கு இறங்கிவிட்டார், ஆனால் ஜன்னலுக்குக் கிட்ட நின்றார்.

"என்ன கணக்கு? இருங்கோ. நான் இருக்குமட்டும் உங்களை ஒருத்தரும் எழுப்பேலாது."

"உங்களுக்குப் பிறகு ஐயா? உங்கட பிள்ளையளுக்கு எங்களைத் தெரியாதே."

பக்கத்தில் இருந்து அவர் மனைவி ஏதோ சொன்னார். அவர் சிரித்தார். அந்த வீட்டு விசயமாக அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"அதுக்குத்தான் உங்கட மகன் சட்டம் படிக்கிறாரே. என்ர பிள்ளையளோட அவர் வாதாடட்டும்."

போன் வைத்தபின் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, சந்தைக்குப் போனால் நல்ல செத்தலாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ பாஸ் பண்ணினாத்தான் அவருக்குப் பிறகும் எங்களுக்கு வீடு, என்ன? சோதினை நல்லாத்தானே எழுதினனீ?"

முடிவு இன்னும் வரவில்லை. பவளப்பாறையைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

"ஓமம்மா" என்றேன்.