மீனின் கண்ணில் வெள்ளை

சென்னைக்கு வேலைக்குப் போன மகள் எங்கள் பொறுப்பில் விட்டுச் சென்றது ஒரு தங்கமீன். பள்ளிக் காலத்திலிருந்து அவள் வளர்த்தது. மாலை வீடியோ காலில் முதலில் மீனைக் காட்ட வேண்டும்; அப்பா அம்மா அதற்குப் பிறகுதான்.

சென்ற வாரம் மீனைப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள். “அப்பா, அது கண்ணுல வெள்ளையா படர்ந்திருக்குது. மருந்து ஊத்துங்க.”

ஜங்ஷன் பக்கத்துக் கடையில் மருந்து வாங்கிவிட்டேன். ஆனால் நோயில்லாத மீனுக்கு ஊற்றினால் அதுவே ஆபத்து என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் தொட்டி அலமாரிக்குள் பொருத்தியது. முன்கண்ணாடி வழியாக மட்டுமே பார்க்க முடியும். அந்தக் கண்ணாடியிலோ போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளைக் கோடுகளாக இறங்கியிருந்தது. தீனி விழும் மூலையை விட்டு மீன் நகராது. கறையும் அந்த மூலையில்தான் அதிகம். வெள்ளை கண்ணிலா, கண்ணாடியிலா என்று தெரியாமல் பாட்டிலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. நான் பீங்கான் கம்பெனியில் தரம் பார்ப்பவன். குறை எங்கே என்று உறுதியாகாமல் ஒரு கோப்பையைக்கூட ஒதுக்கியதில்லை.

ஞாயிறு காலை தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து, மீனை அதில் விட்டேன். மேலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரிந்தது, கண் சரியாகத் தெரியவில்லை. மீதியை இறைத்தேன். வினிகரில் நனைத்த பழைய பனியன் துணியைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டி, ஊறவிட்டுத் தேய்த்தேன். கறை அசையவில்லை. எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தேன். அது மதியச் சாதத்துக்கு வைத்திருந்த பழம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மனைவி வந்து சற்று நேரம் வேடிக்கை பார்த்தாள்.

“ஏங்க, கம்பெனியில கோப்பைய உள்பக்கம் மட்டுந்தான் பாப்பீங்களா?”

தண்ணீர் குறையும்போதெல்லாம் அந்த மூலையில்தான் சொம்பால் ஊற்றுவேன். வெளியே வழிந்தது அப்படியே காய்ந்து படிந்திருக்கிறது. அவள் துணியை வாங்கி, வினிகரில் நனைத்து, வெளிப்புறம் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துத் துடைத்தாள். கறை கரைந்து வந்தது. தொட்டியை இறைத்திருக்கவே வேண்டாம். அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

உட்புறத்தை நன்றாக அலசி, தொட்டியை நிரப்பி, மீனை விட்டேன். மாலையில் மகள் அழைத்தபோது அது தன் மூலையில் நின்றிருந்தது. கண் கறுப்பாக, தெளிவாக இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அவள் மகிழ்ந்தாள். மருந்தே ஊற்றவில்லை, கண்ணாடியைத் துடைத்தோம் என்றேன்.

“தொடச்சோமா?” என்றாள் மனைவி.

எலுமிச்சம்பழத்திலிருந்து எல்லாவற்றையும் அவளே சொன்னாள். இருவரும் சிரித்து முடிக்கும்வரை போனை மீனுக்கு நேராகப் பிடித்திருந்தேன். சிரிப்புக்கு நடுவிலும் மகள் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.