அம்சவல்லி பார்த்த ஜப்பான் படம்

அது படம் பார்க்கும் பெட்டி என்றுதான் அம்சவல்லியிடம் சொல்லப்பட்டிருந்தது. மஸ்கட்டில் டிரைவராக இருந்த அவள் கணவன் சக்கரபாணி, 2008 செப்டம்பரில், லீவில் ஊர் திரும்பிய கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர் கையில் அதைக் கொடுத்தனுப்பியிருந்தான். முதலாளி வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான். கூடவே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். "சி.டி. போட்டா படம் ஓடும். ஆனா அந்த டிரான்ஸ்பார்மர் இல்லாம நேரா பிளக்குல சொருவிடாத, வெடிச்சிடும்" என்று போனில் மூன்று முறை சொன்னான். உள்ளே ஏற்கெனவே ஒரு சி.டி. இருந்ததை அவன் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது.

அம்சவல்லிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஆலடி ரோட்டுப் பக்கம் வீடு. ஒரே மகள் கயல்விழி பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி பத்தொன்பது வருஷமாக ஒரே செராமிக் கம்பெனியில், செக்கிங்கில் இருந்தாள். சூளையிலிருந்து வரும் பீங்கான் இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சின்னக் கட்டையால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். அமுங்கியதைத் தூக்கி மூலையில் எறிய வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலை ஏழு முதல் மூன்று வரை.

பெட்டியை அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் மாட்டியபோது படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. பழைய படம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வயர் வைத்த, இரண்டு பக்கமும் கொம்பு முளைத்த ரிமோட்டில் ஏதேதோ பொத்தான்களை அமுக்கினாள். படம் ஆரம்பித்தது. மூங்கில் தோப்பு. ஒரு மரப்பாலம். பாலத்தின் கடைசியில் மூடிய பெரிய கதவு. இடுப்பில் கத்தி செருகிய ஒருத்தன் பாலத்தின் மேல் சும்மா நின்றான். கதவோரம் இருந்த குண்டு மனிதன் ஒருவன் எழுந்து வந்து அவனை வெட்டினான். நின்றவன் விழுந்தான். திரை இருண்டு ஒரே ஒரு எழுத்து பெரிதாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூங்கில் தோப்பு.

அம்சவல்லி அதை ஐந்து முறை பார்த்தாள். கதாநாயகன் எடுத்த எடுப்பில் செத்துப்போகும் படத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. பின்னால் கதை சொல்வார்கள் என்று காத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பூர்ணிமா, ஜாக்கெட் தைப்பவள், தைத்ததைக் கொடுக்க வந்தவள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"யக்கா, அந்த ஆளு ஏன் சும்மா நின்னுக்கிட்டு வெட்டு வாங்குறான்?"

"தெரியில. அஞ்சு தடவையும் நின்னுக்கிட்டுதான் இருக்கான்."

பூர்ணிமா ரிமோட்டை வாங்கி அதிலிருந்த காளான் மாதிரி குமிழை நெருடினாள். நின்றவன் நடந்தான். நேராகப் பாலத்தை விட்டு ஆற்றில் விழுந்து செத்தான். அதே எழுத்து.

"இது படம் இல்லக்கா. நாமதான் இவன நடத்திக் கொண்டுபோவணும்" என்று சொல்லி ரிமோட்டைக் கீழே வைத்தாள். "எனக்கு ஜாக்கெட்டு கெடக்குது." அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. ஆனால் யோசனை சொல்ல தினமும் வந்தாள்.

அம்சவல்லி நடக்கக் கற்றுக்கொள்ள நான்கு நாள் ஆனது. பெருக்கல் குறி போட்ட பொத்தான் குதிப்பதற்கு, சதுரம் வெட்டுவதற்கு, வட்டம் தடுப்பதற்கு என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம். இதையெல்லாம் கற்றுக்கொண்டு கதவருகே போனாள். குண்டன் எழுந்து வந்து வெட்டினான். கற்றுக்கொண்டதற்கும் கற்றுக்கொள்ளாததற்கும் அவனிடம் ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்த வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். பெட்டியில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கிற வசதி எதுவும் இல்லை. ஆகவே கரண்ட் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் மூங்கில் தோப்பிலிருந்துதான். அம்சவல்லி இதைக் குறையாக நினைக்கவில்லை. அவள் ஒருநாளும் அந்தக் கதவைத் தாண்டியதில்லை என்பதால் சேமிக்க ஒன்றும் இருக்கவில்லை.

சக்கரபாணியின் தம்பி கோவிந்தராசு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் டிரைவர். "தள்ளுங்க அண்ணி" என்று உட்கார்ந்து, எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்கினான். ஒன்பது முறை செத்தான். ஒன்பதாவது முறை முகம் வியர்த்திருந்தது.

"மிஷினு பழுது அண்ணி. நான் அமுக்குறது அவனுக்குப் போயி சேரவே மாட்டங்குது."

"அமுக்குறதுக்கு முன்னாடி வெட்டிடுறான், கோவிந்தராசு."

"அதான் சொல்றேன், பழுது."

பெட்டியைப் பஸ்ஸில் வைத்துக் கொண்டுபோய், ஜங்ஷன் ரோட்டில் டிவி ரிப்பேர் செய்யும் ஆதிநாராயணனிடம் கொடுத்தான். ஆதிநாராயணன் திறந்து லென்ஸைத் துடைத்தார். சரியாகிவிட்டதா என்று போட்டுப் பார்த்தார். ஆறு நாள் போட்டுப் பார்த்தார். கோவிந்தராசு ஒரு மத்தியானம் போனபோது கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கத்திச் சத்தம் கேட்டது. ஏழாம் நாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கையில் அவர் கண்கள் சிவந்திருந்தன.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. ஜப்பான் சி.டி. அவுங்க ஊருல இப்புடித்தான் போல" என்றார். லென்ஸ் துடைத்ததற்குக் காசு வேண்டாம் என்றார். "அந்தக் கதவு தொறந்துச்சின்னா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்க."

பெட்டி இல்லாத அந்த ஆறு நாளும் அம்சவல்லிக்குக் கை என்னவோ போல் இருந்தது. அவளே இதை எதிர்பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷமாக, அவளுக்குத் தெரியாத வேலை எதையும் யாரும் அவள் கையில் கொடுத்ததில்லை. கம்பெனியில் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். வீட்டிலும் அப்படித்தான். இந்தக் குண்டன் ஒருவன்தான் அவளை ஒன்றும் தெரியாதவளாக நடத்தினான். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு பழகியது. இப்போது மூன்று மணிக்குக் கம்பெனி கேட்டைத் தாண்டும்போதே கால் வேகமாக நடந்தது.

மார்கழியில் ஒரு சாயங்காலம் வோல்டேஜ் மிகவும் குறைந்துவிட்டது. டிவியில் படம் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கிப்போனது. சத்தம் மட்டும் நன்றாக வந்தது. அணைக்க மனசில்லாமல் அம்சவல்லி ரிமோட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குண்டன் வந்தான். வெட்டினான். மறுபடி வந்தான். வெட்டினான்.

மூன்றாவது முறை அவளுக்குக் கேட்டது. குண்டன் மரச்செருப்பு போட்டிருந்தான். வெட்டுவதற்கு முன்னால் செருப்பு தரையில் 'சரக்'கென்று ஒருமுறை தேய்ந்தது. இத்தனை நாளும் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது காதில் ஏறவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சரக். வட்டத்தை அமுக்கினாள். வெட்டு விழவில்லை. இரும்போடு இரும்பு மோதிக் கணீரென்றது.

அன்றைக்கும் செத்தாள். ஆனால் அதற்கு முன்னால் நான்கு வெட்டுகளைத் தடுத்திருந்தாள். அதுவரை ஒரு வெட்டைக்கூடத் தடுத்ததில்லை.

"யக்கா, கண்ண மூடிக்கிட்டா ஆடுற?" என்றாள் பூர்ணிமா.

"சும்மா இரு. செருப்பு கேக்க மாட்டங்குது."

பதினோரு நாள் அப்படிக் காதை வைத்துப் பழகினாள். ஒரு தேய்ப்பு என்றால் மேலிருந்து வெட்டு. இரண்டு தேய்ப்பு என்றால் பக்கவாட்டில். தேய்க்காமல் இருமினால் ஓடிவிட வேண்டும். பன்னிரண்டாம் நாள் குண்டன் மண்டி போட்டுச் சாய்ந்தான். அம்சவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. அவன் எழுந்து வருவான் என்று வட்டத்தை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஆளு செத்துட்டான்க்கா" என்றாள் பூர்ணிமா, ஊசியில் நூல் கோத்தபடி.

கதவு திறந்தது. மேளச்சத்தம் எழும்பியது. மலைகளும் ஊர்களும் திரையில் நகர்ந்தன. அவற்றின் மேல் பெரிய பெரிய எழுத்துகள் வந்தன, பிறகு சின்ன எழுத்துகள் வரிசையாக. டைட்டில் போடுகிறார்கள் என்பது எந்த மொழியிலும் தெரிகிற விஷயம். அப்போது செல்போன் அடித்தது. வெள்ளிக்கிழமை ஆகையால் சக்கரபாணிக்கு லீவு.

"எப்புடி இருக்குற? அந்தப் பொட்டியில படம் கிடம் பாக்குறியா இல்லியா?"

"பாக்குறேங்க. இப்பத்தான் பேரு போடுறாங்க."

"இப்பத்தான் போட்டியா?"

"செப்டம்பர்ல போட்டேன்."

மஸ்கட்டில் சக்கரபாணி விரல் விட்டு மாசங்களை எண்ணினான்.

டைட்டில் முடிந்து கதவுக்கு உள்ளே போனாள். அங்கே ஒரு நாய் நின்றது. கடித்தது. செத்தாள்.

ஆதிநாராயணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பொம்பளையா தொறந்தாங்க?" என்று இரண்டு முறை கேட்டதாகக் கோவிந்தராசு வந்து சொன்னான்.

பொங்கலுக்குக் கயல்விழி வந்தாள். வரும் முன்பே, சி.டி. மேல் இருந்த நம்பரை அம்மாவிடம் போனில் கேட்டு, பாண்டிச்சேரி பிரவுசிங் சென்டரில் தேடிப் பார்த்திருந்தாள்.

"யம்மா, கேம் ஆடுறதே பொழப்பா இருக்கவங்ககூட இத பாதியில வுட்டிருக்காங்களாம். நீ எப்புடிம்மா?"

"எனக்கு அது தெரியாதுல்ல."

செத்ததும் வரும் அந்த ஒற்றை எழுத்துக்கு 'சாவு' என்று அர்த்தமாம். அம்சவல்லி அதைக் கம்பெனி பெயர் என்று நினைத்திருந்தாள். பிறகு கயல்விழி, பிரவுசிங் சென்டரில் படித்திருந்த இன்னொன்றையும் கவனித்தாள். ஐந்து முறை செத்த பிறகு திரையில் ஏதோ ஒரு கேள்வியும் கீழே இரண்டு பதில்களும் வந்தன. அம்மா யோசிக்காமல் மேலே இருந்ததை அமுக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"இது என்னான்னு தெரியுமா உனக்கு?"

"தொடரலாமான்னு கேக்குது. சரின்னு சொல்றேன்."

"இல்லம்மா. 'ரொம்பக் கஷ்டமா இருக்குதா, லேசாக்கட்டுமா'ன்னு கேக்குது. நீ நாலு மாசமா வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டு இருக்குற."

அம்சவல்லி அந்த இரண்டு வரிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். கயல்விழி கீழே இருந்ததை அமுக்கிக் காட்டினாள். நாய் ஒரே வெட்டில் விழுந்தது. அடுத்த நாயும் விழுந்தது. ஒரு கடைக்காரி வந்து ஏதோ பானத்தைச் சும்மாவே கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் அம்சவல்லி. "சரி, பழையபடியே வையி."

மாசியில் கயல்விழி ஒரு சின்ன அட்டையை வாங்கி அனுப்பினாள். அதைச் சொருகினால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். சித்திரைக்குள் அம்சவல்லி ஐந்து கதவுகளைத் தாண்டியிருந்தாள். அப்போது சக்கரபாணி ஒரு மாத லீவில் வந்தான். மூன்று வருஷம் கழித்து வந்தவன், முதல் வாரம் சொந்தக்காரர்களைப் பார்த்தான், பழமலைநாதர் கோயிலுக்குப் போனான், தூங்கினான். இரண்டாவது வாரம் ரிமோட்டை எடுத்தான்.

அம்சவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குண்டன் எழுந்தான்.

"இப்ப என்னா பண்ணணும்?"

"சொன்னா வராதுங்க. இன்னும் நாலு வாட்டி சாவுங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது.

ஐந்தாவது சாவுக்குப் பிறகு கேள்வி வந்தது. மறைப்பது நியாயமாகப் படவில்லை. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று சொல்லிவிட்டாள். சக்கரபாணி யோசிக்கவே இல்லை. கீழே இருந்ததை அமுக்கினான். "வருஷம் பூராவும் கஷ்டந்தான் படுறேன். லீவுலயுமா?" என்றான். அதில் தப்பு சொல்ல அவளுக்கு ஒன்றுமில்லை.

ஐந்து கதவுகளை இரண்டே நாளில் தாண்டினான். ஆறாவதுக்கு அவன் போனபோது அம்சவல்லி எழுந்து பூர்ணிமா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் ஆடும் நேரமெல்லாம் அங்கேதான் பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது அவன் வாசலுக்கு ஓடிவந்து, "அம்சா, முடிச்சிட்டேன்! கடேசில என்னா ஆவுதுன்னா..." என்றான்.

"சொன்னீங்கன்னா மூணு நாளும் சோறு கெடையாது."

அவன் சொல்லவில்லை. சென்னை பஸ் புறப்படும்போதுகூட ஜன்னலிலிருந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.

அதுவரை வெள்ளிக்கிழமை போன் பேச்சு ஐந்து நிமிஷம் இருக்கும். சாப்பிட்டியா, புள்ள பேசுச்சா, அனுப்பினது வந்துச்சா. பதினோரு வருஷமாக அவ்வளவுதான். இப்போது எடுத்ததும் அவன், "எங்க இருக்குற?" என்றான். "சுடுகாட்டுக்கிட்ட, ரெண்டு தலை பாம்பு" என்றாள் அவள். "ஐயோ, அதுவா" என்றான் அவன். பாம்பு அவனிடம் லேசாக விழுந்திருந்தது. அவளிடம் ஆடி பிறந்தும் விழவில்லை. அது எப்படிப் படமெடுக்கிறது, எந்தப் பக்கம் சீறுகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் தான் சரியாகப் பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டான். அரை மணி நேரம் ஓடியது தெரியவில்லை. எங்கேயிருந்து இவ்வளவு பேச்சு வந்தது என்று இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது.

2009 டிசம்பரில், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, அம்சவல்லி கடைசிக் கதவைத் தாண்டினாள். உள்ளே ஒரு கிழட்டு ராஜா இருந்தார். அவரோடு சண்டை இல்லை. அவர் பேசினார். ஒரு பெண் வந்தாள், அழுதாள். கத்திக்காரன் ஒரு படகில் ஏறினான். திரை வெளுத்தது.

வெள்ளிவரை பொறுக்க முடியாமல் அவளே மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். சக்கரபாணி வண்டியை ஓரம் கட்டினான்.

"முடிச்சிட்டேங்க. இப்ப சொல்லுங்க. அந்த ராஜா என்னாதான் சொல்றாரு?"

"எனக்கு எப்புடித் தெரியும்? ஜப்பான்ல இல்ல பேசுறாரு."

"ஏழு மாசமா சொல்றேன் சொல்றேன்னீங்க?"

"அந்தப் பொம்பள வந்து அழுவுதில்ல, அது அவன் பொண்டாட்டி. வேணாம்னுட்டுக் கப்பல் ஏறிப் போறான். அதத்தான் சொல்ல வந்தேன்."

"பொண்டாட்டி இல்லீங்க. அது அவன் அக்கா. மொகச்சாடை பாக்கலியா நீங்க? வேணாம்னும் போவல, வேலைக்குப் போறான். திரும்பி வருவான்."

"அக்கா எதுக்கு அப்புடி அழுவுது?"

"ஏன், அக்கான்னா அழக் கூடாதா?"

அவன் பொண்டாட்டிதான் என்றான். அவள் அக்காதான் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கார்டில் காசு தீர்ந்து போன் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அடித்தது.

"சரி, அக்கான்னே வச்சுக்குவோம்" என்றான் சக்கரபாணி. "அப்ப பொண்டாட்டி எங்க?"