வலைக்காரருக்காக நான் எழுதிய கடிதம்

அப்பா கரைவலை இழுக்கிறவர். எட்டுப் பேர் சேர்ந்த வலை; தோணியில் கொண்டுபோய் வளைத்துவிட்டு, கரையில் நின்று கயிறு இழுப்பார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். திருகோணமலை டவுனில் இங்கிலீஷ் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்தக் கடிதம் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது.

கப்பல் போகும் பாதையை ஒட்டி மிதவை போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி வலை வளைக்கக் கூடாது. ஒரு நாள் காலை அப்பா ஆட்களுடைய வலை தாண்டிவிட்டது. கடலுக்குப் போக ஆளுக்கொரு பாஸ் கொடுக்கிற அலுவலகம் விளக்கக் கடிதம் கேட்டது. தமிழில் என்றால் நாளெடுக்கும், இங்கிலீஷில் தந்தால் கெதியாய்ப் பார்க்கலாம் என்றது. பாஸ் போனால் கடலில் இறங்க ஏலாது.

நான் முதல் வசனத்திலேயே நின்றுவிட்டேன். 'டீம்' என்று எழுதியாயிற்று. பிறகு ஒருமைக்கு 'வாஸ்' போடுவதா, பன்மைக்கு 'வேர்' போடுவதா? எல்லாரும் ஓராளாய் நின்று செய்தால் ஒருமை, ஆளுக்கொரு பக்கம் நின்றால் பன்மை என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பிழையில்லாமல் எழுத வேண்டும் என்ற வெறி எனக்கு. கடற்கரைக்குப் போய், வலை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன்: எல்லாரும் சேர்ந்தா முடிவெடுத்தீர்கள், இல்லை யாராவது வேண்டாம் என்றார்களா?

சிரித்தார்கள். "பாருங்கோ, பொலிஸ் வந்திருக்கு" என்றார் ஒருவர்.

வலை கல்லில் மாட்டிக் கிழிந்தாலும் மீன் தப்பினாலும், யாரால் என்று அவர்கள் கேட்பதில்லை. நாங்கள் விட்டிட்டம் என்பார்கள், அவ்வளவுதான். அந்த வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும் விடாமல் கேட்டேன். கடைசியில், தோணி ஓட்டுகிற மாமா, அப்பாவின் கூட்டாளி, என்னில் இரக்கப்பட்டோ என்னவோ, "ரெண்டு பேர் வேண்டாம் எண்டவை. நான்தான் தம்பி போவம் எண்டனான்" என்றார்.

பன்மை போட்டேன். அவர்களுக்குள் ஒத்த கருத்து இருக்கவில்லை, தோணி ஓட்டியவர் சொன்னபடி போனது என்று எழுதினேன். எட்டுப் பேரும் என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார்கள்.

ஒரு கிழமையில், ஏழாம் நாளே பதில் வந்தது. மாமாவின் பாஸ் மட்டும் ரத்து.

அப்பாவுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். "ஏன் அவரைப் பிரிச்சு எழுதினனீ?" என்று கேட்டார். உண்மை அதுதானே என்றேன். அவர் எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் எட்டுப் பேரும் அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன். எடுத்தால் எல்லாருடைய பாஸையும் எடுங்கோ, இல்லாட்டி அவருடையதைத் தாங்கோ என்று கேட்டார்கள். அதிகாரி கோபப்படவில்லை. கடிதத்தை எடுத்துக் காட்டி, இவ்வளவு தெளிவாக எழுதிக் கையெழுத்தும் வைத்த பிறகு தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். நல்ல இங்கிலீஷ், யார் எழுதினது என்றும் கேட்டார்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாங்கள்தான் எழுதினனாங்கள்" என்றார்.

நான் கதவடியில் நின்றேன். நான்தான் என்று சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அந்தப் பருவம் முழுக்க அவர் தோணியில் ஏறவில்லை. கரையில் நின்று மற்றவர்களோடு கயிறு இழுத்தார். கண்டால், "என்ன தம்பி, படிப்பு எப்படி?" என்று வழக்கம்போலக் கேட்பார். நான் கடற்கரைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.