அத்தை என்று தட்டினால் திறக்கும்

குடிநீர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவளுக்கு ‘வயர் அக்கா’ என்று பெயர். தோளில் எப்போதும் ஒரு கேபிள் சுருள் தொங்கும். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம்.

குழாய் வரைபடம் போடும் வரைவாளர் பக்கவாதத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். கையும் கண்ணும் பழையபடிதான். சொற்கள்தான் இடம் மாறியிருந்தன. கறுப்புத் திரையில் நிரலின் பெயரைத் தட்டித் திறக்க வேண்டும். வரைபட நிரலுக்கு ‘குடை’ என்று தட்டினார், நீரழுத்தக் கணக்குக்கு ‘அத்தை’ என்று.

"சரியான பேர எழுதி ஒட்டிடலாமே" என்றார் மேலாளர்.

"ஒட்டினதப் படிக்கிறார் சார். தட்டும்போது வேற வருது" என்றாள் வயர் அக்கா.

அவருடைய கணினிக் கணக்கில் மட்டும் ‘குடை’ என்றொரு சிம்பாலிக் லிங்க், அதாவது நிரலைச் சுட்டும் மாற்றுப்பெயர், போட உட்கார்ந்தாள். கட்டளை சின்னதுதான்: எல்.என்., கழித்தல் குறி, எஸ். பிறகு இரண்டு பெயர்கள். அவசரத்தில் புதுப்பெயரை முதலில் எழுத, அப்படி ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று கணினி மறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, நிரல் இருக்கும் இடத்தை முன்னாலும் குடையைப் பின்னாலும் மாற்றி எழுதினாள். நிரல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுட்ட இன்னொரு பெயர் கிடைத்தது.

அவர் ‘குடை’ என்று தட்டினார். வரைபடம் விரிந்தது. ‘அத்தை’க்கும் அப்படியே ஒரு லிங்க் போட்டாள்.

அவரை அழைத்துப்போக வந்த மனைவியிடம் வயர் அக்கா இந்த ‘அத்தை’ விஷயத்தைச் சொன்னாள். "அவங்க அத்தைக்குப் பிரஷர் ஜாஸ்திதான்" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

ஒருநாள் நிரல்களின் புதிய பதிப்பு வந்தது. காலையில் அவர் தட்டினார், எதுவும் திறக்கவில்லை. மறுபடி தட்டினார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீதிச் சொற்களும் போய்விட்டன என்று நினைத்திருக்கிறார்.

வயர் அக்கா ஓடி வந்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க சரியாத்தான் தட்டினீங்க சார். நிரல் வேற ஃபோல்டருக்குக் குடிபோயிடுச்சு. பழைய விலாசத்த மாத்தாம விட்டது நான்."

எல்லா லிங்குகளையும் புதிய இடத்துக்குத் திருப்பிவிட்டு, அவரையே தட்டச் சொன்னாள். திறந்தது. வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, சொல்லைத் தேடித்தேடி, "நீ... நல்ல... ஜன்னல்ம்மா" என்றார்.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள்.

"ஜன்னலா? அப்படின்னா?"

"தெரியல. ஆனா நல்ல ஜன்னலாம்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.