சிஸ்டர் சொன்ன ‘பென்சிவ்’

எண்பத்து நான்காம் வருடம் சகாயமேரிக்கு வந்த நல்ல வரன் ஓர் ஆங்கிலச் சொல்லில் சிக்கி நின்றுபோனது.

பென்னாகரம் சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன டிஸ்பென்சரியில் அவள் ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டுக் கட்டுவாள். மாப்பிள்ளை காரிமங்கலத்துக்காரன், வயர்மேன், பெயர் வியாகுலம். அவனுடைய அப்பா பெரியநாயகம் பெண்ணைப் பற்றி விசாரிக்க நேராக டிஸ்பென்சரிக்கே வந்தார். அங்கே பொறுப்பில் இருந்த மங்களூர்க்காரரான சிஸ்டருக்குத் தமிழ் பாதிதான் வரும். “ரொம்ப நல்ல பொண்ணு. கொஞ்சம் பென்சிவ்” என்றார். அது பென்ஷன் சம்பந்தப்பட்ட ஏதோ என்று நினைத்த பெரியநாயகம் சந்தோஷமாகவே பஸ் ஏறினார்.

ஊரில் அவருடைய தம்பி அருள்சாமி வாத்தியார் அகராதியைப் புரட்டினார். ‘துயரம் தோய்ந்த சிந்தனையுள்ள’ என்று போட்டிருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பொண்ணு மனசுல ஏதோ இருக்குதுண்ணா” என்றார். தவக்காலம் முடியட்டும், பார்க்கலாம் என்று பெண் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள். அப்படிச் சொன்னால் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

விஷயம் தெரிந்ததும் அம்மா லூர்தம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

“எவனையாச்சும் மனசுல வெச்சிருக்கியாடி?”

“அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

“அப்பறம் என்னாத்துக்கு அந்தம்மா அப்பிடிச் சொல்லுச்சு?”

மறுநாள் காலை அதையே சகாயமேரி சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சும்மா இருக்கும்போது எதையாவது ஆழ்ந்து யோசிக்கிறவர்களைத்தான் அப்படிச் சொன்னாராம். அந்தச் சொல்லில் கொஞ்சம் சோகமும் ஒட்டியிருப்பது உண்மைதான், ‘தாட்ஃபுல்’ என்று சொல்லியிருந்தால் வம்பே இல்லை, அதற்கு அடுத்தவர்களை நினைத்துப் பார்க்கிறவள் என்றும் பொருள் உண்டு என்றார். தானே காரிமங்கலம் போய்ச் சொல்வதாகக் கிளம்பினார்.

“வேணாங்க சிஸ்டர். நாமளே போயி வெளக்கம் சொன்னா இன்னும் சந்தேகம்தான் வரும்.”

அந்த வாரமே வியாகுலம் வந்தான். உள்ளங்கையில் கம்பி கிழித்திருந்தது. காரிமங்கலத்தில் இல்லாத ஊசியா என்று அவள் கேட்கவில்லை. மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவனே ஆரம்பித்தான்.

“தப்பா நெனைக்காதீங்க. அப்பிடி எதைங்க யோசிப்பீங்க?”

சகாயமேரி ஊசியைப் போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

“கூட்டம் கொறஞ்சா காலையில வந்தவங்கள நெனச்சுப் பாப்பேங்க. அந்தக் கொழந்தைக்குக் காச்சல் விட்டிருக்குமா, அந்தப் பெரியவரு மாத்திரையத் தின்னாரான்னு. சில நேரம் எங்கப்பாவ நெனைப்பேன். அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது. துக்கம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேங்க.”

அவன் பஞ்சை வாங்கித் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“ஒங்க பேருக்கே துக்கம்னுதாங்க அர்த்தம். அதக் கேட்டுட்டு நாங்க வேணாம்னு சொல்லலையே.”

வியாகுலம் சத்தமாகச் சிரித்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தான் பிறப்பதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தவறிவிட்டதால் அம்மா வியாகுல மாதாவிடம் வேண்டிக்கொண்டு வைத்த பெயர் என்று சொன்னான். சொல்லும்போது அவன் முகமும் சற்று மாறியது. அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவள் விவரமாகக் கேட்டாள். அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை.

வியாகுலம் வீட்டில் பேசிச் சம்மதிக்க வைத்தான், ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. பந்தியில் அருள்சாமி வாத்தியார் சிஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லை எந்தெந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

தினமும் வந்து போகத் தூரமாக இருந்ததால் சகாயமேரி டிஸ்பென்சரி வேலையை விட்டாள். கடைசி நாளில் அவளும் சிஸ்டரும் மருந்து அலமாரியைத் துடைத்து அடுக்கினார்கள். அடுத்த மாதமே காரிமங்கலத்தில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.