நனைந்த பலகை

ஆனந்தமேரிக்கு மரத்துக்குப் பாலிஷ் போடுவதுதான் பதினெட்டு வருஷமாகத் தொழில். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற கதவு, பெஞ்சு என்றால் திண்டுக்கல்லில் பலரும் சின்னாளப்பட்டிக்குப் போன் போட்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

போன ஐப்பசியில் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து நஸீரா கூப்பிட்டாள். அவள் கணவர் அப்துல் கையூமுக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. சக்கர நாற்காலியில் அவர் தெருவுக்கு இறங்க, வாசல் படிமேல் தேக்குப் பலகையால் சரிவு போட்டிருந்தார்கள்.

"மழைத்தண்ணி உள்ள இறங்கக் கூடாது மேரி. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணும்," என்றாள் நஸீரா.

உப்புத்தாள் தேய்த்து, நாளுக்கு ஒரு கோட்டாக மூன்று கோட்டு வார்னிஷ் அடித்தாள் மேரி. நாலாம் நாள் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

பாதி வழியில் தூறல் விழுந்தது. அவளுக்கு அந்தச் சரிவு நினைவுக்கு வந்தது. தண்ணீர் மரத்துக்குள் இறங்காது, சரி. மேலே நிற்குமே! அந்தப் பளபளப்பில் சக்கரம் எப்படி நிற்கும்? போன் அடித்தாள். எடுக்கவில்லை. இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்தாள். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது, கையூம் சாயங்கால அஸர் தொழுகைக்குக் கிளம்பி வாசல் விளிம்பில் இருந்தார்.

"பாய், இறங்காதீங்க!"

"நீ போட்டதுதானே மேரி?" என்றாள் நஸீரா.

"நான் போட்டதுதான்க்கா. அதான் ஓடியாறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் கால் வைத்தாள். இரண்டாவது அடியிலேயே வழுக்கி, முழங்கை பலகையில் மோதியது. கையூம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மழை ஐந்து நாள் விடவில்லை. தினமும் காலையில் மேரி போன் போட்டாள்: "பாய் இறங்கலையே?"

வெயில் வந்தும், ஈரத்தின்மேல் அடித்தால் வார்னிஷ் உப்பிக்கொள்ளும் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். அப்புறம் பளபளப்பைத் தேய்த்து எடுத்தாள். புதுக் கோட்டு காயுமுன் சலித்த மணலைத் தூவி, அதன்மேல் மெல்லிசாக இன்னொன்று அடித்தாள். தண்ணீரை அதிகம் குடிக்கிற பலகை முனைகளையும் விடவில்லை.

"இம்புட்டு அழகைக் கெடுத்துட்டியே," என்றாள் நஸீரா.

நன்றாகக் காய்ந்த பிறகு, வாளித் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு நாலு தடவை ஏறி இறங்கினாள் மேரி. அப்போதும் மனசு ஆறவில்லை. கையூம் இறங்கும்போது முன்னால் நின்று, பின்பக்கமாகவே நடந்தாள்.

"செத்த விலகும்மா," என்றார் அவர். "நீதான் வழியை மறிக்கிறே."

விலகினாள். சக்கரம் சொரசொரவென்று இறங்கித் தெருவைத் தொட்டது. அவர் பள்ளிவாசல் பக்கம் திரும்பும்வரை மேரி மூச்சை விடவில்லை.