காமாலைக்காரர் வீட்டுக் கறிச்சோறு

"அந்தக் காலத்து வாத்தியார் மாதிரி இப்ப யாருங்க இருக்காங்க" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் போதும், எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். உட்காருங்கள், ஒரு அந்தக் காலத்து வாத்தியாரைப் பற்றி நான் சொல்கிறேன் என்பேன்.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது சின்ன ஊர். ஒரே வாத்தியார் உள்ள பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கும் அவர்தான், தலைமையாசிரியரும் அவர்தான், கதவுச் சாவியும் அவரிடம்தான். எழுபதுகளின் கடைசியில் நான் ஐந்தாவது முடித்தேன். எங்கள் தெருவில் ஐந்தாவது முடித்த முதல் பெண்பிள்ளை. ஆறாவதுக்கு விக்கிரமங்கலம் போக வேண்டும். அதற்கு டி.சி. வேண்டும், டி.சி.யில் சார் கையெழுத்து வேண்டும். சாரோ ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து ஊர்ப்பக்கமே வரவில்லை.

பக்கத்து ஊர் வாத்தியார் சைக்கிளில் போகிற போக்கில் சொன்னார்: "ஒங்க சாருக்கு மஞ்சக் காமாலை. மெடிக்கல் லீவு போட்டிருக்கார்." பதிலுக்கு வேறு ஆள் வருமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு மிதித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை. வாத்தியாருக்கு நோய் வரலாம், மனிதர்தானே, லீவு எடுக்கட்டும். அவர் படுத்தால் ஐந்து வகுப்பும் கூடச் சேர்ந்து படுத்துக்கொள்ள வேண்டுமா? மேலே உட்கார்ந்திருந்த ஆபீசர் ஒருவர் கண்ணிலும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பூட்டு படவில்லை.

அம்மா களையெடுக்கிற கூலிக்காரி. சார் பொய் சொல்வார் என்று நினைக்கக்கூடத் தெரியாதவள். அவளுடைய தம்பி காமாலையில்தான் போனார். அதனால் நோயின் பேரைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டாள். "பாவம்டி, மனுசன் கெடந்து என்னா பாடு படுறாரோ." மறுநாள் வேலையை விட்டுவிட்டு, வாய்க்கால் ஓரம் முளைத்திருந்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அப்படியே கையெழுத்தையும் வாங்கிவிடலாம், அந்த வாரத்தோடு விக்கிரமங்கலத்தில் சேர்க்கை முடிகிறது. என்னையும் இழுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள்.

வழி விசாரித்துப் போனால் சார் இருந்த தெருவே அமர்க்களப்பட்டது. சார் குடியிருந்த வீட்டை ஒட்டி ஒரு புது வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேலே நின்று, "அந்த மூலைய நல்லா குத்துய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தவர் எங்கள் சார்.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எறங்குங்க சார்! காமாலையோட இப்புடி வெயில்ல நிக்கலாமா?" என்றாள்.

"யாருக்குக்கா காமாலை?" என்று ஒரு சித்தாள் சட்டியோடு நின்றுவிட்டாள்.

சார் இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது. அம்மா டி.சி. விஷயத்தைச் சொன்னாள்.

"மெடிக்கல் லீவுல இருக்கிறவன் கையெழுத்துப் போடக் கூடாதும்மா. ரூலு. லீவு முடிஞ்சு நான் டூட்டியில சேந்தப்புறம் வா."

"அதுக்குள்ள அங்க சேத்துக்கறது முடிஞ்சிரும் சார்."

"அதுக்கு நான் என்னா பண்றது? ஒடம்பு சரியில்லையே."

முழங்கை வரை சிமெண்ட் காய்ந்த கையை ஆட்டிக்கொண்டுதான் இதைச் சொன்னார். பேர் எழுத மட்டும் அந்தக் கைக்குத் தெம்பில்லையாம்!

அம்மா அதற்கு மேல் கெஞ்சவில்லை. கொல்லைப்பக்கம் போய் அவர்கள் வீட்டு அம்மியிலேயே கீழாநெல்லியை அரைத்தாள். சாரின் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் மருந்தைக் கலக்க மோர் எடுத்துக் கொடுத்தார். தளம் போடுகிற நாளில் வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். எல்லோரும் இலையில் உட்கார்ந்தபோது சாரும் உட்கார்ந்தார். அம்மா மருந்து டம்ளரைக் கொண்டுபோய் அவர் இலைக்கு முன்னால் வைத்தாள்.

"கறி வேணாம் சார். உப்பு, எண்ணெ எதுவும் ஆவாது. எந்தம்பி பத்தியம் இல்லாமதான் போய்ச் சேந்தான்."

கொத்தனார் தலையை ஆட்டினார். "ஆமாங்க சார், காமாலை பொல்லாதது. சாருக்கு மோருஞ்சோறும் போடுங்க. அந்த நல்லி எலும்ப இந்தப் பக்கம் தள்ளுங்க."

பந்தியே சிரித்தது. அத்தனை பேர் முன்னால் நோய் இல்லை என்று சொல்ல சாருக்கு வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

குடித்தாரே ஒழிய, கையெழுத்துப் போடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏம்மா, தெரிஞ்சுதான குடுத்த?"

"காமாலைன்னு சொன்னது அவருடி. நானா சொன்னேன்?" என்றாள். சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

லீவு முடிந்து சார் வந்து டி.சி. கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு விக்கிரமங்கலம் ஓடினோம். "அடுத்த வருஷம் வாங்க" என்றார்கள். அடுத்த வருஷத்துக்குள் களைக்கொட்டு என் கைக்குப் பழகிவிட்டது, வீட்டுக்கும் என் கூலி பழகிவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் கடைப் பொட்டலத் தாளிலும் பஸ் ஸ்டாண்டுப் போஸ்டரிலும்தான்.

டி.சி.யை நீட்டியபோது சார் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "ஒம் மருந்துலதாம்மா கொணமாச்சு."

"ஒங்களுக்கு ஆச்சு சார். எம்பொண்ணுக்கு?" என்றாள் அம்மா.

சார் மணியடிக்கப் போய்விட்டார்.